குமரிக் கரையிலிருந்து வந்து எங்களோடு வீடு கட்டியவர்களுக்கு

அன்புள்ள ஃபாதர் அவர்களுக்கும், சிஸ்டர் இருவருக்கும், கொத்தனார் அண்ணனுக்கும், உங்கள் பங்குக் கோயிலிலிருந்து வந்த தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

வேதாரண்யம் பக்கத்து உப்பளத் தெருவிலிருந்து வணக்கம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் முடிந்து மார்கழி பிறந்துவிட்டது. நீங்கள் கட்டிய வீடுகளில் ஒன்றுகூட ஒழுகவில்லை. கிளம்பும் அன்று நாங்கள் கைகூப்பியபோது கொத்தனார் அண்ணன், "ஒரு மழைக்காலம் போகட்டும்மா, அப்புறம் நன்றி சொல்லுங்க" என்றார். அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்து இந்த மடல்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தின நாள் சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி வற்புறுத்தினார்கள், போனோம், அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். விடிந்து வந்து பார்த்தால் எது யார் வீடு என்று தெரியவில்லை. கூரைகள் வயலில் கிடந்தன. மண் சுவர்கள் கரைந்திருந்தன. உப்புப் பாத்திகளில் கடல் சேறு ஏறிக் கிடந்தது. 1952 புயலைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்த எங்கள் அப்பாயி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

முதல் சில வாரம் மெயின் ரோட்டில் நிவாரண வண்டிகள் வரிசையாக வந்தன. அரிசி, பாய், மெழுகுவத்தி, தார்ப்பாய் எல்லாம் வந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி உண்டு. ஆனால் உள்ளே தள்ளியிருக்கும் தெருக்களுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வண்டி காலியாகிவிடும். முழுதாக விழுந்த குடிசைக்கு அரசு 10,000 ரூபாய் அறிவித்தது. உப்பளம் ஓடாத மாதங்களில் அந்தப் பணம் அடுப்புக்கும் கடனுக்குமே சரியாகப் போனது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்களை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள், அவர்களும் நன்றாக இருக்க வேண்டும்.

தை பிறந்த பிறகு வண்டிகள் நின்றுவிட்டன. நீங்கள் வந்தது அப்போதுதான்.

வந்த அன்றே வேலையை ஆரம்பித்துவிடுவீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் தார்ப்பாய்க் கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்து, யார் வீட்டை முதலில் எடுக்கலாம் என்று எங்கள் பெண்களிடம் கேட்டீர்கள். நடக்க முடியாத பிள்ளையை வைத்திருக்கும் அக்கா வீடு, அதற்கடுத்து தனியாக இருக்கும் இரண்டு பாட்டிகள் வீடு என்று நாங்கள் சொன்ன வரிசையை யாரும் மாற்றவில்லை. வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார் அண்ணன். அப்பாயி, "எனக்குக் காலை நீட்டிப் படுக்க ஒரு திண்ணை வேணும்யா" என்றார். அண்ணன் அவரையே மணலில் படுக்கச் சொல்லி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குச்சியால் கோடு போட்டு அளவெடுத்தார். புயலுக்குப் பிறகு அப்பாயி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். எங்களுக்குக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். எங்களைக் கேட்டவர்கள் நீங்கள்தான்.

வேலையிலும் உங்களிடம் கற்றுக்கொண்டது அதிகம். நாங்கள் வெயிலுக்காகத் தாழ்வாரத்தை நீட்டி நீட்டி இறக்குவோம். காற்று அதன் அடியில் புகுந்துதான் மொத்தக் கூரையையும் தூக்குகிறது என்று அண்ணன் விளக்கினார். சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தை, அதாவது இறவாணத்தைக் குறைத்து, திண்ணைக்குத் தனிக்கூரை போட்டார். அது பறந்தாலும் வீட்டுக்கூரை நிற்கும். சவுக்குக் கால்களின் அடிப்பாகத்துக்குக் கழிவு ஆயில் பூசி, முன்னைவிட ஆழமாகக் குழி தோண்டி நட்டோம். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர். இங்கே நிலத்தடித் தண்ணீர் உப்பு, அதில் சிமெண்ட் குழைத்தால் சுவர் பொரிந்துவிடும் என்று சிஸ்டர் ஒருவர் தினமும் டிராக்டர் டேங்கில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்கவே கொள்ளிடத் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர் இது. அந்தத் தண்ணீருக்கு அவர் எத்தனை பேரிடம் போய்ப் பேசியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

கூரை வேய்ந்து முடித்ததும் தம்பிமார் பழைய மீன்வலையை விரித்து மேலே போர்த்தி, நான்கு ஓரத்திலும் மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த முடிச்சை எங்கள் பையன்கள் பழகுவதற்குள் உங்கள் ஊர்ப் பேச்சையும் பழகிவிட்டார்கள். இப்போது இங்கே எல்லாரும் எல்லாரையும் "மக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முடிச்சுப் போட்டுக் காட்டிய தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் பேசமாட்டார். கடைசி வாரத்தில்தான் என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார், 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன தன் அண்ணன் திரும்பவில்லை என்று. அன்றிலிருந்து அத்தை அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துச் சோறு போட்டார். தம்பி, ஒரு வருஷம் ஆகியும் ஆறாத அந்தத் துக்கத்தோடு நீங்கள் எங்கள் கூரை மேல் ஏறி நின்றிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. அவர் காலில் எங்கள் தெருவே விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

ஃபாதர், முதல் வீட்டுக்குக் கால் நடும் அன்று நாங்கள் மஞ்சள் பூசி மாவிலை கட்டிச் சூடம் காட்டினோம். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட நின்றீர்கள். முடிந்ததும், "நாங்களும் ஒரு ஜெபம் சொல்லலாமா?" என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டீர்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. பிற்பாடு ஒரு வீட்டில் நீங்கள் வெளியே போயிருந்தபோது, ஃபாதர் வரட்டும் என்று நேரம் தாழ்த்திக் கால் நட்டோம்.

வர முடியாமல் ஊரிலிருந்தே கொடுத்தவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் மீன் விற்ற பணத்தை அப்படியே கோயிலில் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார். அவர்களுக்கும் ஒக்கியில் இழப்பு உண்டு. அந்தக் காசில் வாங்கிய கட்டுக்கம்பியும் ஆணியும்தான் இந்த மழையில் எங்களைக் காத்தன.

இன்னும் இரண்டு விஷயம். பட்டா சிக்கலால் நின்றுபோன கடைசி இரண்டு வீட்டுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. நாங்களே கட்டப் போகிறோம், ஆட்கள் இருக்கிறார்கள், சவுக்கும் சேர்த்தாகிவிட்டது. அண்ணனின் அளவு நோட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். பக்கத்துத் தெருக்காரர்களும் அதைக் கேட்கிறார்கள், கொடுக்கலாம் அல்லவா?

அடுத்தது, சித்திரையில் தேத்தாக்குடிப் பக்கம் தப்பிய மாமரங்கள் காய்க்கும். அப்போது எல்லோரும் வர வேண்டும். இந்தத் தடவை மண்வெட்டி வேண்டாம், குடும்பத்தோடு வாருங்கள். எத்தனை பேர் என்று முன்னாடியே சொல்லிவிட்டால், தங்க வைக்க எங்களிடம் வீடு இருக்கிறது.

இப்படிக்கு,
உப்பளத் தெரு மகளிர் குழுவினர்