ஐஸ் ஒத்தடம் என்று ஒடியாவில் யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக ஹீமோபிலியா நாளையொட்டி (ஏப்ரல் 17) தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். என் மகனுக்கு ஹீமோபிலியா 'ஏ', ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தம் உறையத் தேவையான எட்டாவது ஃபேக்டர் என்ற புரதம் அவன் உடம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நோயையும் மருந்தையும் கட்டுரை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் மருந்து இருந்தும் பேச்சு புரியாமல் தவிக்கும் குடும்பங்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் திருப்பூர். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. போன மழைக்காலத்தில் மகனுக்கு ஃபேக்டர் ஊசி போட ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி ஆறு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். அவன் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. இரண்டு நாளாகச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறாள். என் மகனுக்கு முதல்முறை வீங்கியபோது நானும் அதைத்தான் செய்தேன். மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது சூடும் நீவலும் கசிவைக் கூட்டிவிடும். ஐஸ் வைத்து, காலை அசைக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஃபேக்டர் போட வேண்டும். இதைப் போன தடவையே அவளிடம் தமிழில் சொல்லி அனுப்பினார்களாம். அவளும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று கைகொடுத்தவர்கள் கேரளத்து நர்ஸ் ஒருவரும் பீகார்க்கார வாட்ச்மேனும்தான். நர்ஸ் தமிழில் சொன்னதை அவர் இந்தியில் சொல்ல, அவளுக்குப் பாதி புரிந்தது. கடைசியில் அவள் கேட்டது, "என்னாலதான் இவனுக்கு வந்துச்சா?" என்று. மாமியார் வீட்டில் அப்படித்தான் ஏசுகிறார்களாம். தாய்வழியாக வருவது உண்மை. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. அதை அத்தனை பேர் நடுவில், ஒரு வாட்ச்மேன் அண்ணன் வாயால் எப்படிச் சொல்வது? நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் முடிந்தது.

எங்கள் பெற்றோர் குழுவில் பாய் ஒருவர் இருக்கிறார். சுன்னத்தின்போது ரத்தம் நிற்காமல் போனதில்தான் அவர் மகனுக்கு நோய் இருப்பதே தெரிந்தது. இப்போது முஸ்லிம் வீடு என்றால் அவர்தான் போகிறார். சுன்னத்தை மருத்துவமனையில், ஃபேக்டர் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஜமாஅத் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். நான் போய்ச் சொன்னால் எடுபடுமா? காதுகுத்து வீடுகளுக்கு நான் போகிறேன். மகனின் காதுகுத்தைத் தள்ளிப்போட அவன் தாய்மாமனிடம், என் கூடப்பிறந்த அண்ணனிடமே, சண்டை போட்டவள் நான்.

1963-இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெலின் பிறந்தநாள்தான் ஏப்ரல் 17. அவரும் இந்த நோயோடு வாழ்ந்தவரே. 1983-இல் இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கிய அசோக் பகதூர் வர்மாவும் அப்படித்தான். வலி தெரிந்தவர்கள் தொடங்கிய வேலை இது. இன்று திருப்பூரில் அந்த வலி ஒடியாவிலும் இந்தியிலும் அழுகிறது. அந்தப் பாஷைக்காரர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். பெண்கள் கட்டாயம் வேண்டும். ரத்தம் சரியாக உறையாத இன்னொரு நோயான வான் வில்லிபிராண்ட் நோய் பெண்களுக்கும் வருகிறது. மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் போவதை எந்தப் பெண்ணும் வாட்ச்மேனிடம் சொல்ல மாட்டாள்.

அந்த ஒடிசாப் பெண்ணின் வீட்டுச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சூடு வேண்டாம், நீவ வேண்டாம், ஐஸ் வை, உடனே கிளம்பு என்று ஒடியாவில் எழுதிக் கொடுத்தவர் என் மகனோடு படிக்கும் பையனின் அப்பா, கட்டிங் மாஸ்டர். போன மாதம் பையனுக்குக் கணுக்கால் வீங்கியபோது, ஐஸைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

திருப்பூர், கோவைப் பக்கம் ஒடியாவும் தமிழும் தெரிந்த பெண்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் போடும் இடத்தில் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வருமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருப்பூர்.