வட்டம் வெட்டும்போது மோட்டார் ஏன் உறுமுகிறது

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். உன் மகளுக்கு மதுரையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; எங்கள் வாழ்த்துகளை அவளிடம் சொல். நீயே கட்டிய சிஎன்சி ரவுட்டர், கணினிக் கட்டளைப்படி பலகை வெட்டும் அந்த இயந்திரம், ஓடத் தொடங்கிவிட்டதும் எனக்குப் பெரிய மகிழ்ச்சிதான். ஆனால் இரவில் அதை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார் என்றும், மோட்டார்களைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்துக் கட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தயவுசெய்து கட்டாதே. மோட்டாரின் சூடு வெளியேற வழியில்லாமல் போகும் என்பது ஒரு காரணம். அந்தச் சத்தம் மோட்டாருக்குள் நடக்கும் வேண்டாத ஓர் ஆட்டத்திலிருந்து பிறக்கிறது, காதுக்கு எட்டாமல் மூடினாலும் ஆட்டம் அப்படியே வேலையில் போய்ப் பதியும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நீ அனுப்பிய காணொளியைப் பலமுறை ஓட்டிக் கேட்டேன். 150 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் வெட்டுகிறாய். உறுமல் தொடர்ச்சியாக வரவில்லை. வட்டத்தின் இடக்கோடி, வலக்கோடி, மேல்கோடி, கீழ்க்கோடி ஆகிய நான்கு இடங்களிலும், கோடியை நெருங்கும்போது ஒரு முறை, அதைத் தாண்டியதும் ஒரு முறை என்று விட்டுவிட்டு வருகிறது. அக்ரிலிக்கில் வெட்டிய அந்த வட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உள்சுவரைப் பார். நான்கு கோடிகளிலிருந்தும் இருபுறமும் ஏறத்தாழ 12 மி.மீ. தள்ளி, சுவரின் பளபளப்பு மங்கிய திட்டுகள் தென்படும் என்று நினைக்கிறேன். நீ இதுவரை கவனிக்காமல் இருந்தாலும், விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும்.

அந்த 12 மி.மீ. எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நீ வாங்கியிருப்பது 1.26 நியூட்டன் மீட்டர் பிடிமான டார்க்கும் (திருப்பு விசையும்) 2.8 ஆம்பியர் மின்னோட்டமும் கொண்ட நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாக, சிறு படிகளாகத் திரும்பும் மோட்டார். அதன் உள்ளே சுழலும் ரோட்டரின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் கனம், சுமார் 300 கிராம் செ.மீ. வர்க்கம். ஸ்டெப்பர் மோட்டாரில் ரோட்டரைக் காந்தப் புலம் இறுக்கமான ஒரு ஸ்பிரிங் பிடித்திருப்பது போன்றே பிடித்திருக்கிறது. எனவே ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ரோட்டர் போய் நிற்க வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டி, திரும்பி வந்து, ஆடி அடங்குகிறது. ரோட்டரின் 50 பற்களையும், டார்க்கையும், திருப்புத்திறனையும் வைத்துக் கணக்கிட்டால் வெறும் மோட்டாரின் இயல்பான ஆட்டம் நொடிக்குச் சுமார் 230 முறை. இதில் 16 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் உள்ள உன் பால் ஸ்க்ரூவை, மோட்டார் சுழற்ற அச்சை நகர்த்தும் அந்தத் திருகுத் தண்டை, சேர்த்துக்கொள். அதன் திருப்புத்திறன் ஏறத்தாழ ரோட்டருடையதே. வண்டியும், வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் சேர்ந்து 10 கிலோ இருந்தாலும், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் லீட் வழியாக மோட்டார் உணரும் கனம் ரோட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். எடையைக் குறைக்க அலுமினியத் தகட்டில் துளைகளைப் போட்டு நீ பட்ட பாடு இந்த விஷயத்துக்கு உதவாது. ஆட்டத்தைத் தீர்மானிப்பவை ரோட்டரும் ஸ்க்ரூவும்தான். எல்லாம் சேர்ந்தால் 160 ஹெர்ட்ஸ் அளவில் வந்து நிற்கிறது.

மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 முழு ஸ்டெப் வைப்பது உனக்குத் தெரியும். நொடிக்கு 160 முழு ஸ்டெப் என்றால் 0.8 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 240 மி.மீ. அந்த வேகத்தில் ஓர் அச்சு நகரும்போது மோட்டாரின் சொந்தத் தட்டலும் ரோட்டரின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகுகிறது. வட்டம் வெட்டும்போது எக்ஸ் அச்சு வலக்கோடியில் ஒரு கணம் நின்று திசை திரும்புகிறது. கோடியிலிருந்து சுமார் 9 பாகை தள்ளி, அதாவது உன் வட்டத்தில் 12 மி.மீ. தள்ளி, அதன் வேகம் சரியாக 240 ஆக இருக்கும். போதாக்குறைக்கு, அங்கே எக்ஸ் அச்சின் ஆட்டம் சுவருக்கு நேர் எதிராக விழுவதால், ஆட்டத்தில் துளியும் வீணாகாமல் வேலையில் இறங்குகிறது.

நேர்க்கோட்டில் இந்த உறுமல் ஏன் இல்லை என்று கேட்டிருந்தாய். நீ கொடுத்திருக்கும் ஆக்சிலரேஷன் நொடிக்கு நொடி 200 மி.மீ.; அதில் புறப்படும் அச்சு 240 என்ற வேகத்தைக் கண் இமைக்கும் நேரத்தில், ஆட்டம் ஓரிரு அலைகூடக் கூடுவதற்குள் கடந்துவிடுகிறது. வட்டத்திலோ எக்ஸின் வேகம் மாறும் விகிதம் நொடிக்கு நொடி 8 மி.மீ. அளவுதான். அந்த ஆபத்தான பகுதியைக் கடக்க இருபது அலைகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பெருகுவதற்கு அது தாராளம். அச்சுக்குச் சற்றே சாய்ந்த நீண்ட கோடு ஒன்றை வெட்டிப் பார்; சிறிய அச்சு கோடு முழுவதும் உறுமிக்கொண்டே வரும். 480, 960 ஆகிய வேகங்களிலும் இதே ஒலி மெல்லியதாகக் கேட்கலாம். இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் சமமாக இல்லாவிட்டால் முன்னதும், மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும் டிரைவரின் பூஜ்ய நிலை சற்று விலகியிருந்தால் பின்னதும் எழும்.

ஆகவே, மெதுவாக ஓட்டினால் சத்தம் குறையும் என்ற உன் எண்ணத்தை முதலில் விட்டுவிடு. நிமிடத்துக்கு 250 மி.மீ. என்று நீ குறைத்த வேகம் நேராக உறுமலின் மடியிலேயே போய் உட்காருகிறது. பிட்டுக்கும் அது கெடுதல். ஒற்றைப் பல் பிட் 18,000 சுற்றில் 1500 மி.மீ. வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் 0.08 மி.மீ. தடிமனுக்குச் சீவல் எடுக்கும். சூட்டைச் சீவல் தன்னோடு கொண்டு போய்விடும். 250-இல் அது 0.014 மி.மீ. ஆகி, வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டுவதும், தேக்கில் விளிம்பு கருகுவதும் இதனால்தான்.

கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உன் இயந்திரத்திலேயே அளந்து பார். ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, மோட்டாரின் முதுகில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து, எக்ஸ் அச்சை 100-இல் தொடங்கி இருபது இருபதாக வேகம் கூட்டி ஓட்டு. எந்த வேகத்தில் நாணயம் கிடுகிடுத்து இடம் நகர்கிறதோ, அதைக் குறித்துக்கொள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்தாலும் நன்றாகக் கேட்கும். ஒய், இசட் அச்சுகளுக்கும் தனித்தனியாகச் செய். ஸ்க்ரூவின் நீளம் மாறினால் எண்ணும் மாறும். டிரைவரில் மின்னோட்டத்தைக் குறைத்தால் காந்த ஸ்பிரிங் தளர்ந்து உறுமும் வேகம் கீழே இறங்குவதையும் நீயே காண்பாய். அப்படி இறங்கினால் சத்தத்தின் மூலம் மோட்டார்தான், பேரிங்கோ நட்டோ அல்ல என்று உறுதியாகிவிடும்.

அடுத்து டிரைவர். உன்னிடம் இருப்பது பழைய அனலாக் வகை. அது சுருளுக்கு அனுப்பும் அலை நல்ல சைன் வடிவில் இல்லாததால் ஒவ்வொரு முழு ஸ்டெப்பிலும் ஒரு தட்டல் இருந்துகொண்டே இருக்கிறது; நிற்கும்போது கேட்கும் உஸ்ஸென்ற ஒலியும் அதன் வேலையே. டிஎம் 542 போன்ற டிஜிட்டல் டிரைவருக்கு மாறு; என் அனுபவத்தில் உறுமலின் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடுகிறது. அதன் முதல் மூன்று சுவிட்சுகள் மின்னோட்டத்துக்கானவை. அட்டவணையில் உச்ச அளவு ஒரு பத்தியிலும் ஆர்எம்எஸ் அளவு (ஒருவகைச் சராசரி) மற்றொரு பத்தியிலும் இருக்கும். உன் மோட்டாருக்கு உச்சம் 3.31, ஆர்எம்எஸ் 2.36 என்ற வரியிலிருந்து தொடங்கு. நான்காவது சுவிட்சை, மோட்டார் நிற்கும்போது மின்னோட்டம் பாதியாகும்படி வை. சூடும் குறையும், உஸ்ஸொலியும் குறையும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரை மட்டும் ஒருபோதும் கழற்றாதே, டிரைவர் போய்விடும்.

பவர் சப்ளைக்கு 36 வோல்ட் போதும். வேகத்தில் டார்க் வேண்டும் என்று பலர் டிரைவர் தாங்கும் எல்லைவரை, 50 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறார்கள். மெதுவான ஓட்டத்தில் அதனால் மின்னோட்டத்தின் சலசலப்பும் மோட்டாரின் சூடும் கூடுகின்றன, பிரேக் போடும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னழுத்தத்துக்கும் இடம் இல்லாமல் போகிறது. 24 வோல்ட்டில் வேகம் கூடியதும் டார்க் சரிந்துவிடும்.

ஒரு முழு ஸ்டெப்பைப் பல துணுக்குகளாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் பற்றி நீ பெரிதாக எழுதியிருந்தாய். கூட்டக் கூட ஓட்டம் மென்மையாவது உண்மை. ஆனால் துல்லியம் அதே அளவு கூடுவதில்லை. 16 மைக்ரோஸ்டெப்பில் ஒரு துணுக்கு நகர்வுக்குக் கிடைக்கும் டார்க் முழு டார்க்கில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு; 32-இல் அதிலும் பாதி. உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் பல துணுக்குகள் சேர்ந்த பிறகே அச்சு அசையும். இன்னொரு எல்லையும் உண்டு. 16-இல் உன் ஸ்க்ரூவுக்கு ஒரு மி.மீ.க்கு 640 பல்ஸ், அதாவது துணுக்குக்கு ஒன்றாக அனுப்பும் மின்துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 32,000 பல்ஸ் ஆகிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏறத்தாழ 30,000 வரைதான் கொடுக்கும். 8-இல் வைத்து, மி.மீ.க்கு எத்தனை பல்ஸ் என்று குறிக்கும் $100, $101, $102 மூன்றிலும் 320 என்று கொடு. இந்த டிரைவரில் 8-க்கும் 16-க்கும் ஒலியில் வேறுபாடு மிகக் குறைவு.

முப்பரிமாண பிரிண்டர்களில் ஓசையே இல்லாமல் ஓடும் டிஎம்சி 2209 டிரைவர் சிப்பைப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், உன் ரவுட்டருக்கு வேண்டாம் என்பதே. அது 29 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஆர்எம்எஸ் 2 ஆம்பியருக்கு மேல் தராது. அதன் அமைதியான ஸ்டெல்த்சாப் முறை, சுமை சட்டென்று மாறும்போது மின்னோட்டத்தைச் சரிசெய்யச் சற்றுத் தாமதிக்கும். பிட் ஒரு கணுவில் மோதும் அந்த நொடியில் ஸ்டெப் தவறினால் பலகையே வீண். சத்தம் குறைவதற்காக அந்த நம்பகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

டிரைவர் மாற்றிய பிறகும் எஞ்சுவதை அடக்க, நடுக்கத்தை விழுங்கும் டேம்பர் போடு; பின்பக்கமும் ஷாஃப்ட் நீட்டிய மோட்டாராக உன்னுடையது இருப்பது நல்லதாயிற்று. லேத்தில் 50 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிமனில் ஓர் எஃகு வட்டைக் கடைந்தால் எடை 92 கிராம் அளவு வரும், அதன் திருப்புத்திறன் ஏறத்தாழ உன் ரோட்டருடையதே. வட்டை ஷாஃப்ட்டில் இறுக்கக் கூடாது. ஷாஃப்ட்டில் ஒரு ஹப்பை மட்டும் இறுக்கி, அதன் மேல் வட்டு தளர்வாகச் சுழலுமாறு விட்டு, இருபுறமும் ஃபெல்ட் வாஷர் வைத்து மெல்லிய ஸ்பிரிங்கால் அழுத்த வேண்டும். சீராகச் சுழலும்போது வட்டும் கூடவே சுழலும். ரோட்டர் நடுங்கத் தொடங்கினால் கனமான வட்டு நடுக்கத்தைப் பின்பற்ற மறுத்து வழுக்கும், அந்த உராய்வில் நடுக்கத்தின் ஆற்றல் சூடாகக் கரைந்துவிடும். ஆங்கிலேயப் பொறியாளர் லாஞ்செஸ்டர் கார் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டுக்காக வகுத்த வழி இதுதான். அழுத்தம் மிகுந்தால் வட்டு ஒட்டிக்கொண்டு வெறும் சுமையாகிவிடும். குறைந்தால் பயன் இல்லை. விரலால் தள்ளினால் லேசான பிடிப்போடு நகர வேண்டும். முன்பு குறித்த வேகத்தில் நாணயம் அசையாத வரை ஸ்பிரிங்கைச் சரிசெய்துகொண்டே போ. எக்ஸ், ஒய் இரண்டுக்குமான வட்டுகளைக் இங்கே கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த பட்டறையில் நானே கடையச் சொல்லி அனுப்பிவைக்கிறேன்.

மற்றவை சிறியவை. உன் மேசையின் மேல்பலகை மெல்லிய பிளைவுட், அடியில் வெற்றுப் பெட்டி. தம்புராவின் குடம் போல அது மோட்டாரின் சிறு நடுக்கத்தையும் வாங்கிப் பெருக்கித் தெருவுக்கு அனுப்புகிறது. கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் போட்டு, குழாய்க் கால்களில் உலர்ந்த மணலை நிரப்பு. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும், ஸ்பிரிங் போல வெட்டிய கப்ளிங்குக்குப் பதில் நடுவில் ரப்பர்த் துண்டு உள்ள கப்ளிங் போடு. மாற்றும்போது அலைன்மென்டை டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடு. மோட்டாருக்கும் தகட்டுக்கும் இடையே கார்க் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெல்ட் இயந்திரத்துக்கு அது பொருந்தும், பால் ஸ்க்ரூவில் மோட்டாரின் மையம் விலகப் பார்க்கும். ஸ்பிண்டிலாக நீ மாட்டியிருக்கும் டிரிம் ரவுட்டரின் கிறீச்சொலி தனிக் கதை. 30,000 சுற்று வரை ஓடும் அந்தக் கார்பன் பிரஷ் மோட்டாரை இவை எதுவும் அமைதிப்படுத்தாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவுத் தூக்கம் வேண்டுமானால், பின்னொரு நாள் நீர் குளிர்விக்கும் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியும் வாங்கத்தான் வேண்டும்.

இப்போதைக்கு மூன்று அச்சுகளிலும் நாணயம் ஆடும் வேகங்களை எழுதி அனுப்பு, ஒய் ஸ்க்ரூவின் சரியான நீளத்தையும் சேர்த்து. ஒய்யின் எண் தெரிந்தால்தான் அதற்கான வட்டின் தடிமனைக் கணக்கிட முடியும். அம்மாவுக்கு என் வணக்கங்களைச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்