கட்டுவிரியன் கடித்தால் வீங்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்புக்கடி பற்றிய உங்கள் கட்டுரையில் 'கடித்த இடம் வீங்கும், வலிக்கும்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கட்டுவிரியனுக்கு இது பொருந்தாது சார்.

என் சித்தப்பா பாய் போட்டுத் தரையில் படுத்திருந்தவர், விடிகாலை நாலு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். ஓமத்தண்ணி கொடுத்தோம். இமை பாதி மூடியே இருந்தது, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டோம். எச்சில் விழுங்க முடியாமல், பேச்சும் மூக்கால் வர ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். உடம்பு முழுக்கத் தேடியும் பல் தடம் தெரியவில்லை.

டாக்டர் விளக்கினார். நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டு இல்லையாம், நடுவே ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரமாகப் பிரித்தால் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. மூளையின் உத்தரவு நரம்பு நுனிக்கு வந்ததும் அங்கே குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே கொட்டி, எதிரே தசையில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும், அடுத்த கணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். (வயலுக்கு அடிக்கும் மருந்துகள் சில முடக்குவது இந்த நொதியைத்தான்.)

நல்ல பாம்பின் விஷம் ஏற்பியை அடைக்கிறது. அதற்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவார்கள், அது அந்த நொதியைக் கொஞ்சம் கட்டிப்போட்டு ரசாயனத்தைக் கூடுதல் நேரம் நிற்க வைக்கும். கட்டுவிரியன் விஷமோ நரம்பு நுனியையே பாழாக்கிவிடுகிறது. அனுப்பும் இடமே போன பிறகு எந்த ஊசி போட்டு என்ன, நுனி மறுபடி வளரும்வரை வென்டிலேட்டர்தான். அதனால்தான் விஷமுறிவு மருந்து சீக்கிரம் ஏறவேண்டும் என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

அடுத்த முறை போடும்போது 'தரையில் படுத்தவருக்கு விடிகாலை வயிற்றுவலி, இமை சரிவு என்றால் வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்' என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று. ஆறு நாள் கண் திறக்காமல், விரல் அசையாமல் கிடந்த சித்தப்பாவுக்கு நினைவு தப்பவே இல்லை. முடங்கியது தசை மட்டும்தான். கட்டிலைச் சுற்றி நின்று 'அவ்வளவுதான், ஊருக்குச் சொல்லி அனுப்பிடலாம்' என்று பேசியது யார் யார் என்று வீட்டுக்கு வந்த அன்றே வரிசையாகச் சொன்னார். அதில் நானும் இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்