லூட்டைப் படுக்கையில் வைக்கச் சொன்னவருக்கு

அன்புள்ள தாமஸ் மேஸ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போய்ச் சேர்ந்து முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் போன மாதம் என் வீட்டில் நடந்த சண்டைக்கு மூல காரணம் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் லூட் வாசிக்கக் கற்பவன், நம் வீணை மாதிரி விரலால் மீட்டுகிற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியம் அது. அந்த லூட்டைக் கட்டிலில், கம்பளிக்கும் மேல்விரிப்புக்கும் நடுவில் வைத்திருந்தேன். அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் பையனுக்கு ஏழு வயது. ஓடி வந்து கட்டிலில் ஒரே குதி. கால் லூட்டின் மேல் படவில்லை, பக்கத்தில்தான் விழுந்தான். இருந்தாலும் உள்ளே ஏதோ 'டக்' என்றது. வாடகைக்கு எடுத்த லூட் வேறு, எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. அக்கா பையனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதைப் போய் யாராவது படுக்கையில வைப்பாங்களா?" "வைக்கச் சொல்லி 1676லயே புத்தகம் போட்டிருக்காங்கக்கா" என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலை உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிடுகிறேன்.

அப்புறம் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், நீங்கள் இதையும் எழுதிவைத்திருக்கிறீர்கள். லூட் படுக்கையில் இருப்பது தெரியாமல் யாரும் அதன் மேல் விழுந்துவிடக் கூடாது, இந்த மாதிரிப் பல நல்ல லூட்டுகள் பாழானதைப் பார்த்திருக்கிறேன் என்று. அந்த வரியை நான்தான் வேகமாகத் தாண்டியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்ப்பவர்களுக்கு உங்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேனே. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தேவாலயத்தில் பாடகர். லூட் வாத்தியார். அறுபதைத் தாண்டிய பிறகு, 1676இல், 'மியூசிக்ஸ் மான்யுமென்ட்' என்ற தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர். லூட்டுக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஊரெல்லாம் வயலின் பைத்தியம் பிடித்திருந்தது, உங்களுக்கோ அந்த வயலின் கூட்டமே சண்டை போடுவது மாதிரிக் கேட்டிருக்கிறது. புத்தகத்தில் நீங்களும் உங்கள் லூட்டும் பேசிக்கொள்வதாக ஒரு பாட்டுகூட உண்டு.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அந்தப் புலம்பல் இல்லை, வீட்டு வேலைதான். படுக்கையில் வைத்தால் ஆறு நன்மை என்று எண்ணிச் சொல்கிறீர்கள்: தந்தி அறாது, சுருதி நிற்கும், ஒலி துடிப்பாக இருக்கும், தேவைப்பட்டால் பயமில்லாமல் சுருதியை ஏற்றலாம், கருவி சீக்கிரம் கெடாது, உள்ளே இருக்கும் கட்டைகள் விட்டுப்போவதும் மேல்பலகை உள்வாங்குவதும் இருக்காது. இந்த ஆறும் சேர்ந்தால் ஏழாவதாக ஒன்று வந்துவிடுமாம், வாசிப்பதே சுலபமாகவும் இன்பமாகவும் ஆகிவிடுமாம். இந்த ஏழாவதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதே சமயம், சொல்வது உண்மை என்பதும் தெரிந்தது.

லூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு மெலிசு என்று புரியாது. நம் தஞ்சாவூர் வீணையின் குடம் பலாக்கட்டையைக் குடைந்து எடுப்பது. லூட்டின் வயிறு அப்படி இல்லை. நீளநீளமான மரச் சீவல்களை வளைத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் செய்வது. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. அதன் அடியில் குறுக்கே கட்டைகள், நடுவில் பலகையிலேயே செதுக்கிய பூ வேலை. என் லூட் ஒரு கிலோகூட இருக்காது. இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது வச்சிரம், நம் ஊர்த் தச்சர்கள் காய்ச்சி ஒட்டுகிற அதே தோல் பசை. அது ஈரம் பட்டால் இளகிவிடும். உங்கள் கேம்பிரிட்ஜோ சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், வீட்டில் கணப்பு அடுப்பைத் தவிர வேறு சூடு கிடையாது. ஆக, அந்த வீட்டில் தினமும் ஆள் படுத்து எழுகிற படுக்கைதான் ஈரமில்லாத இடம். அதனால்தான் ஆள் படுக்காத கட்டில் உதவாது என்பதையும் குறிப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கள் கஷ்டம் நேர்மாறானது, ஐயா. லண்டன் பக்கம் குளிர்காலம் வந்தால் ஹீட்டர் போட்டுவிடுகிறோம். அறைக் காற்று காய்ந்து போகிறது, பலகை சுருங்கி வெடிக்கப் பார்க்கிறது. அதனால் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, முள் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பதறுகிறோம். உங்களுக்குக் காய வைக்கும் கவலை, எங்களுக்கு நனைக்கும் கவலை. ஆனாலும் கம்பளிக்குள் வைத்தால் ஏற்ற இறக்கம் குறைகிறது என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் வைத்தேன். அக்காவிடம் இதை விளக்கவில்லை, எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். காதை வைத்து விரல் கணுவால் மேல்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் மட்டும் 'கிர்ர்' என்றது. "ஒரு கட்டை விட்டிருக்கு, அவ்வளவுதான்." மெல்லிய கத்தியைச் சூடாக்கி, விளிம்பில் நுழைத்து, உயிருள்ள எதையோ தொடுவதுபோல மெதுவாக நகர்த்தினார். மேல்பலகை அப்படியே கழன்று வந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எந்தப் பசை இளகி வில்லங்கம் செய்ததோ, அதே பசை இளகியதால்தான் மரம் பிளக்காமல் திறக்க முடிந்தது. நீங்களும் இதே வேலைக்குக் கத்தி எப்படி இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேல்பலகையைக் கழற்ற வேண்டி வரும் என்று வேறு சாதாரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு முறையே போதும்.

செலவு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு வழக்கு உண்டு. லூட் வைத்திருப்பதும் குதிரை வைத்திருப்பதும் ஒன்று என்று ஊரில் பேசினார்கள், நீங்கள் கோபப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் தந்திக்காக யாரிடமும் வாங்கியதில்லை என்று கணக்குக் காட்டினீர்கள். 1713இல் ஹாம்பர்க்கில் மத்தெசோன் என்ற இசைக்காரர் அதே குதிரையை மறுபடி இழுத்துக்கொண்டு வந்தார். எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று நக்கல் வேறு. உங்கள் பக்கம் நிற்கத்தான் ஆசை. ஆனால் நான் ஆட்டுக் குடல் நரம்பு வாங்கி மாட்டிய மேல் தந்தி மூன்றே வாரத்தில் அறுந்தது. நீங்கள் சொன்னபடி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித்தான் வைத்திருந்தேன். இப்போது செயற்கைத் தந்திக்கு மாறிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மெட்டுகள், அதாவது விரல் அழுத்தும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கட்டுகள், மட்டும் இன்னும் குடல் நரம்புதான், கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். வீணையில் மெழுகில் பதித்த மெட்டு நகராது. இதில் சுருதி பிசகினால் விரலால் கொஞ்சம் தள்ளிவிடலாம். எங்கள் மொழியில் இந்த மாதிரிக் கருவிகளுக்கு நரம்புக் கருவி என்றே பெயர், உங்கள் காலத்து லூட்டுக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

உங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். இங்கிலாந்தில் லூட் ஏறக்குறைய செத்தே போனது. 1893இல் ஆர்னால்டு டால்மெட்ச் என்பவர் பழைய லூட்டுகளைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்தார். 1956இல் டயானா பூல்டனும் இயன் ஹார்வுட்டும் லூட் சொசைட்டி தொடங்கினார்கள், புதிதாகக் கற்பவர்களுக்கு அவர்களே லூட்டை வாடகைக்கும் கொடுக்கிறார்கள். ஜூலியன் பிரீம் மேடைமேடையாக வாசித்துக் கூட்டம் சேர்த்தார். அவர் கிட்டார்க்காரர், நகத்தால் மீட்டினார், லூட்டும் கனமானது, உலோக மெட்டுகள் போட்டது. லூட்காரர்களின் சந்திப்புகளில் இதைச் சொல்லி முகம் சுளிப்பவர்கள் உண்டு. நகம் வேண்டாம் என்று நீங்களே சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள். நானும் நகத்தை ஒட்ட வெட்டியவன்தான். ஆனால் அந்த முகம் சுளிப்பவர்களில் பாதிப் பேர் பிரீமின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் லூட் பக்கமே வந்தவர்கள், அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் முதல் இருபது நிமிடம் சுருதிதான். மத்தெசோன் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். அப்புறம் ஆறு கோட்டின் மேல் a, b, c என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கிற பழைய தாளை விரிப்போம். அது ச ரி க ம மாதிரிச் சுரத்தைச் சொல்வதில்லை. எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று விரலுக்கு வழி சொல்கிறது. முதல் எழுத்து என்றால் திறந்த தந்தி, இரண்டாவது எழுத்து என்றால் முதல் மெட்டு. உங்கள் விரல் நின்ற இடத்தில் என் விரல் நிற்கிறது. அது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். காது மந்தமானபோது, 1672இல், நீங்களே ஐம்பது தந்தியில் 'டைஃபோன்' என்று இரட்டை லூட் செய்துகொண்டீர்களே, உங்கள் வாசிப்பு உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக. அதன் ஒலி எப்படி இருந்தது? 1690இல் தள்ளாத வயதில் லண்டனுக்கு வந்து கருவிகளை விற்க விளம்பரம் போட்டபோது அதையும் சேர்த்திருந்தீர்கள். யார் வாங்கினார்கள்?

உங்கள் மனைவியாகப் போகிறவரை நினைத்துக் கேம்பிரிட்ஜில் தனியாக உட்கார்ந்து வாசித்த அந்த இசைத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். 'என் தலைவி' என்று பெயர் வைத்தீர்களே, அதுதான். ஆனால் நீங்கள் பிடிவாதமாக விடாத அந்தப் பழைய பிரெஞ்சுச் சுருதி சேர்க்கும் முறை என் எட்டு ஜோடித் தந்தி லூட்டில் சரிப்படாது, கீழ்த் தந்திகள் போதவில்லை. வாடகை லூட்டை மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். புதிது வரும் வரை பழையது கட்டிலில்தான் இருக்கிறது. தலைமாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "லூட் தூங்குகிறது. குதிக்காதே." எழுதியது அக்கா பையன்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தை இரண்டாவது முறையாக, இந்த முறை மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன்