மருந்துப் பரிசோதனை முடிந்த பிறகாவது கண்காணிப்புக் குழுவின் பதிவுகளை வெளியிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துப் பரிசோதனைகளைப் பற்றி நாளிதழ்களில் எழுதப்படும்போது பெரும்பாலும் பரிசோதனைக்கு அனுமதி தரும் மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு மட்டுமே பேசப்படுகிறது. பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் விவரங்களைத் திறந்து பார்க்கும் அதிகாரம் பெற்ற இன்னொரு குழுவும் உண்டு. தரவு மற்றும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு என்பது அதன் பெயர். ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியனான நான் அத்தகைய குழுக்களில் இருந்திருக்கிறேன். அவை வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன்.

பெரிய பரிசோதனைகளில் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, அதைக் கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே, ஒரு தரப்பில் மட்டும் மரணங்கள் கூடிக்கொண்டே போனாலும் களத்தில் இருப்பவர் எவராலும் அதைக் கண்டுகொள்ள இயலாது. அந்த வேலைக்காகத்தான் பரிசோதனையோடு தொடர்பில்லாத மருத்துவர்களையும் புள்ளியியலாளரையும் கொண்டு இந்தக் குழு அமைக்கப்படுகிறது. கூட்டத்தின் முற்பகுதியில் மருந்து நிறுவனத்தாரும் அமர்ந்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்பதைப் பேசுவார்கள். பிறகு அவர்கள் எழுந்து வெளியே போக, கதவு சாத்தப்படும். எங்கள் முன்னால் உள்ள அறிக்கையில் ‘அ’, ‘ஆ’ என்ற தலைப்பில் இரண்டே பத்திகள்; வாந்தி, தலைசுற்றல் முதல் மரணம் வரை ஒவ்வொன்றும் அவற்றின் கீழ் எண்ணிக்கையாக நிற்கும். எது மருந்து என்ற விவரம் தனி உறையில் இருக்கும். முடிவில் நாங்கள் கையெழுத்திடும் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘ஆய்வை மாற்றமின்றித் தொடரலாம்.’ நெறிமுறைக் குழுவுக்குப் போய்ச் சேருவதும் அநேகமாக அந்த ஒரு வரி மட்டுமே.

பரிசோதனை நடக்கும் காலத்தில் இந்த இரகசியம் அவசியம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இரு தரப்புக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாத ஒரு பரிசோதனையில், நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான பிழை அளவை வைத்துக்கொண்டு இடையிடையே ஐந்து முறை கணக்குப் பார்த்தால், எங்கேனும் ஒரு முறை பொய்யான வேறுபாடு தென்படும் வாய்ப்பு நூற்றுக்கு 14 ஆக உயர்ந்துவிடுகிறது. அப்படித் தென்பட்டது வெளியே கசிந்தால் நோயாளிகள் விலகுவார்கள், மருத்துவர்கள் சேர்க்கத் தயங்குவார்கள், நிறுவனத்தின் பங்கு விலை ஆடும். அதனால்தான் தொடக்கக் கட்டங்களில் மிகக் கடுமையான சான்று இருந்தாலன்றிப் பரிசோதனையை நிறுத்துவதில்லை என்று முன்கூட்டியே வரம்பு வகுத்துக்கொள்கிறோம்.

இந்தக் குழுக்களின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது, அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987இல் தொடங்கிய ஆய்வைத்தான். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களிடம் காணப்படும் இதயத் துடிப்புச் சீர்கேட்டை மருந்தால் அடக்கினால் திடீர் மரணங்கள் குறையும் என்று அன்றைய இதய மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். என்கெய்னைட், ஃபிளெக்கெய்னைட் ஆகிய மருந்துகள் ஏற்கெனவே அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருந்தன. மருந்து கொடுத்ததும் துடிப்பு சீராகிறது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அவ்வாறு சீரானவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். அதாவது, ஒவ்வொரு நோயாளியின் இசிஜியும் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றே மருத்துவருக்குக் காட்டியது. கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி 1989 ஏப்ரலில் இவ்விரு மருந்துகளும் நிறுத்தப்பட்டபோது, அவற்றைப் பெற்ற 730 பேரில் 56 பேரும், போலி மாத்திரை பெற்ற 725 பேரில் 22 பேரும் இறந்திருந்தார்கள். சராசரியாகப் பத்து மாதங்களில் நேர்ந்த வேறுபாடு இது. தனித்தனி நோயாளியைப் பார்த்த மருத்துவர் எவருக்கும் இது தெரிந்திருக்க வழியே இல்லை. இரு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. அந்த ஆய்வு எப்படி நிறுத்தப்பட்டது என்ற விவரம் பின்னர் மருத்துவ இதழ்களில் விரிவாக எழுதப்பட்டதால்தான், எங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிந்தது.

நம் நாட்டில் அப்படி நடப்பது மிக அரிது. 2020 அக்டோபரில் சென்னையில் கோவிஷீல்டு பரிசோதனையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர் ஒருவர், தமக்குக் கடுமையான நரம்பியல் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி இழப்பீடு கோரியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதன்மை ஆய்வாளரும் கண்காணிப்புக் குழுவும் நெறிமுறைக் குழுவும் தனித்தனியே ஆராய்ந்து, தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கண்டதாகச் சீரம் நிறுவனம் அறிக்கை விட்டது. அந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை, சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்தச் சான்றுகளை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. ஊசி தயாரித்த நிறுவனத்தின் வாய்வழியாகவே ஒரு சுதந்திரமான குழுவின் முடிவை மக்கள் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு அரசு ஆதரவோடு நடந்த கொரோனா தடுப்பூசி ஆய்வுகளுக்குப் பொதுவான ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. 2021 மார்ச் 22 அன்று அஸ்ட்ராஜெனெகா தன் தடுப்பூசியின் செயல்திறன் 79 விழுக்காடு என்று அறிவித்ததும், பழைய தரவுகள் அதில் சேர்ந்திருக்கலாம் என்று அக்குழு கவலை தெரிவித்தது. அக்கவலையை அரசின் ஆராய்ச்சி நிறுவனமே மறுநாள் வெளிப்படையாக அறிவிக்க, அஸ்ட்ராஜெனெகா சில நாட்களில் 76 விழுக்காடு என்று திருத்திக்கொண்டது. மூன்று விழுக்காடு பெரிய வேறுபாடு அல்ல. ஆனால் குழு என்ன நினைக்கிறது என்பதை மருந்து நிறுவனத்தைச் சேராத ஒருவர் மக்களுக்குச் சொன்னார்.

நம்முடைய 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், நெறிமுறைக் குழுவைப் பற்றி மிக விரிவாகவே பேசுகின்றன. குறைந்தது ஏழு உறுப்பினர்கள், அவர்களில் பாதிப் பேராவது வெளியாட்கள், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் என்றெல்லாம் வரையறுத்து, கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. கண்காணிப்புக் குழுவின் அமைப்பைப் பற்றியோ, அதன் பதிவுகளைப் பற்றியோ இந்த அளவு அக்கறை அவற்றில் இல்லை. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டை இணையத்தில் திறந்தால் எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பது தெரிகிறது. நான் பார்த்த பதிவுகளில் கண்காணிப்புக் குழுவில் யார் இருந்தார்கள் என்பது இல்லை.

பரிசோதனை முடிந்த ஓராண்டுக்குள், அந்தப் பதிவேட்டிலேயே குழுவின் உறுப்பினர் பெயர்களும், நிறுவனத்தோடு அவர்களுக்கு இருந்த பணத்தொடர்பும், நிறுத்துவதற்கு வகுத்த வரம்புகளும், ஒவ்வொரு கூட்டத்திலும் அளித்த பரிந்துரையும் இடம்பெற வேண்டும் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலையும் கேட்டுக்கொள்கிறேன். பெயர் வெளிவந்தால் வழக்குகளுக்கு அஞ்சி நல்லவர்கள் வர மறுப்பார்கள் என்று சக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அந்த அச்சம் நியாயமானதே. நல்லெண்ணத்தோடு முடிவெடுத்த உறுப்பினர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்து அதை நீக்கலாம். நோயாளிகளின் அந்தரங்க விவரங்களை நீக்கிவிட்டுக் கூட்டக் குறிப்புகளை வெளியிடலாம். இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் பதிவேட்டுப் படிவத்தில் சில வரிகளைச் சேர்த்து, அவற்றை நிரப்பாத நிறுவனத்தின் அடுத்த விண்ணப்பத்தை நிறுத்திவைத்தாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.