ஃபிரேம் போடும் முன்

அன்புள்ள கயலுக்கு,

போட்டோ பார்த்தேன். கியோட்டோவில் இருந்தபோது நான் சேர்த்த துணிகளை எல்லாம் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். மாட்டு, ஆனால் அந்த ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். இயற்கைச் சாயங்களில் மஞ்சளும் சிவப்பும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். மியூசியங்களில் பழந்துணிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விடமாட்டார்கள். அதுவும் சில மாதம்தான், அப்புறம் உள்ளே வைத்துவிடுவார்கள். நீயும் ஒரு நேரத்தில் ஒரு துணியை மட்டும் வெளியே எடு. மற்றதை மடிப்பு மாற்றி மாற்றி மடித்து வை. கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் ஒரே பெட்டியில் போடாதே, இரண்டும் சேர்ந்து உருகிக் கறை பிடிக்கும்.

பட்டுக் கிமோனோவைத்தான் முதலில் எடுப்பாய், தெரியும். என்னைக் கேட்டால் அந்த போரோ மேலங்கிதான், கந்தல்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அது வந்த வட ஜப்பானின் அவோமோரி குளிரில் பருத்தி விளையாது. குடியானவர்களுக்கு முரட்டு நார்த்துணிதான் கதி. ஒசாகா பக்கமிருந்து கப்பலில் வந்த பழைய பருத்தித் துணியைத் துண்டு துண்டாகச் சேர்த்து, சாஷிகோ என்னும் ஓட்டுத்தையல் போட்டுக் கனமாக்கி உடுத்தினார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட்டுத் தூக்கிப்போட்டவர்களும் உண்டு. தனாகா சூசாபுரோ என்பவர் ஊர் ஊராக அலைந்து சேகரித்தார். அவர் சேர்த்த சாஷிகோ உடுப்புகளில் 786ஐ ஜப்பான் அரசு 1983இல் நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. தயவுசெய்து நம் மேலங்கியைத் துவைத்துவிடாதே!

தையல் கருவிகளை வருஷம் முழுக்க வெளியிலேயே வைக்கலாம். எனக்கு அவைதான் உசத்தி. துணியை இழுத்துப் பிடித்துத் தைக்க உதவும் குகேதாய் இருக்கிறதே, அதன் பலகையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார். நிற்கும் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கும் கிடுக்கி, மூன்றாவது கை மாதிரி துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும். கிமோனோவைக் காட்டினால் வந்தவர்கள் அழகு என்று சொல்லிவிட்டுக் காபி குடிப்பார்கள். இதைக் காட்டினால் உட்கார்ந்து தைத்துப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

மூங்கில் அளவுகோல் தப்பு என்று எழுதியிருந்தாய். தப்பில்லை. அது துணி அளக்கும் கோல். ஷாகு என்னும் ஜப்பானிய நீள அளவு தச்சருக்கு சுமார் 30.3 செ.மீ., துணிக்கு சுமார் 37.9 செ.மீ. ஒரே இரும்பை வளைத்துச் செய்த நூல் கத்தரிக்கு காமெலியா எண்ணெய் ஒரு சொட்டுத் தடவு. துரு துணியில் பட்டால் போகாது.

பெட்டியில் கிடக்கும் முறிந்த ஊசிகளைக் குப்பையில் போடாதே. டோக்கியோவில் இருக்கிறாய், பிப்ரவரி 8 அன்று அசாகுசா சென்சோஜி கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போ. அங்கே அவாஷிமா சந்நிதியில் மெத்தென்ற தோஃபுவில் (சோயாக் கட்டி) குத்தி, உழைத்த ஊசிகளுக்கு வழிபாடு செய்வார்கள்.

கியோட்டோ போவதானால் 21ஆம் தேதியாகப் பார்த்துப் போ, தோஜி கோயிலில் சந்தை இருக்கும். நம் கிடுக்கியின் பிடி தளர்ந்துவிட்டது. பழையது நல்லதாகக் கிடைத்தால் வாங்கி வை, பணம் நான் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா