டிவிஎஸ் அண்ணனுக்கு நன்றி

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு அப்பா வருடம் தவறாமல் தஞ்சாவூரிலிருந்து நடந்தே போவார். காவித் துணி, கையில் ஜெபமாலை, பையில் மற்றவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்து. தனக்கு நல்ல செருப்புகூட வாங்க மாட்டார். எங்கள் ஸ்கூல் ஃபீஸ் மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கடைசி நடையில் நாகப்பட்டினம் தாண்டியதும் மயங்கி விழுந்தார். நீங்கள்தான் இளநீர் வாங்கிக் கொடுத்து, உங்கள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்கார வைத்து, கோயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டீர்கள். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லையாம். ("வண்டியில போனா மாதா கணக்குல சேருமா?" என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினார், அது வேறு கதை.)

போன மாதம் அப்பா காலமானார். பெயர் தெரியாததால் கடைசிவரை 'டிவிஎஸ் தம்பி' என்றே உங்களுக்காக ஜெபித்தார். நன்றி அண்ணே. இந்த வருடம் அவருடைய மருந்துப் பையோடு நான் நடக்கிறேன்.